டிரிப் ஆன நேரம் 3.10

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பேனலின் சின்னத் திரையில்
'அதிக வெப்பம்' என்று நாலு வரி,
நாலு இரவுக்கு நாலு.
நேற்று நின்றபோது
ஒரு ஸ்ப்ரூஸ் மரம் பாதி உடம்போடு
வாளுக்குள் கிடந்ததாம்.

"இந்தக் குளிரில் சூடாம்" என்றாள்
ஷிஃப்ட் பொறுப்பாளர் ஹில்ப்பா கெம்ப்பைனென்,
சிரிக்காமல்.
கைனூ காட்டுச் சாலையில்
எழுபது கிலோமீட்டர் பனியில் ஓட்டி வந்தவள் நான்.
எனக்கும் சிரிப்பு வரவில்லை.

முதலில் ஃபேன். சுற்றுகிறது.
காதை வைத்தேன், பேரிங்கில் முனகல் இல்லை.
ஃபில்டரைக் கழற்றித் தட்டினால்
கொஞ்சம் மரத்தூள், பிசின் வாசனையோடு.
ஹீட்சிங்கின் இடுக்கில் டார்ச் அடித்தேன்,
புதுச் சீப்பு மாதிரி சுத்தம்.
மோட்டார் இழுக்கும் ஆம்பியர்
பெயர்த்தகட்டில் உள்ளதற்குக் கீழேதான்.
மூன்று ஃபேஸும் சமம்.
ஸ்விட்ச்சிங் வேகத்தை யாரும் ஏற்றி வைக்கவில்லை.
பழி போட ஒரு தளர்ந்த திருகுகூட
கிடைக்கவில்லை.

பதிவுகளைப் பின்னோக்கித் தள்ளினேன்.
1.40க்குச் சூடு ஏறத் தொடங்குகிறது,
அவசரமில்லாமல், மாவு பொங்குவது போல.
ஐம்பத்தெட்டு. எழுபத்திரண்டு. எண்பத்தாறு.
பகலில் ஒருபோதும் இல்லை.
ஞாயிறு இரவும் ஆலை ஓடியது, அன்றும் இல்லை.
எந்திரத்துக்கு ஞாயிறு தெரியாது.

நாற்காலியை இழுத்துப்போட்டு
விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஒன்றரைக்குக் கதவு திறந்தது.
முற்றத்தில் கட்டைகளின் உறைபனி சுரண்டும்
ஓய்வா மொய்லனென்.
சொட்டும் கம்பளிக் கையுறைகள், இரண்டு ஜோடி.
ஒரு தொப்பி.
பேனலின் உச்சியில்
வெப்பக்காற்று வெளியேறும் சல்லடைமேல்
ஒவ்வொன்றாய் விரித்தார்,
தூங்கும் பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுவது போல.
பிறகு இடைவெளி ஒன்றில்
வெறும் விரல்களைக் காட்டிக்கொண்டு நின்றார்.
இடது கையில் இரண்டு நுனிகள்
மெழுகு நிறம்.

"மொய்லனென்" என்றேன்.
துள்ளிவிட்டார்.
உலர்த்தும் அறை இருக்கிறதே?
"ஹீட்டர் போய்விட்டது. நவம்பரில்.
எழுதிக் கொடுத்தாயிற்று, மூன்று முறை."
அப்போதே ஏன் டிரிப் ஆகவில்லை?
யோசித்தார்.
"அப்போது ஒரு ஜோடி போதும்.
போன வாரம்தானே முப்பதைத் தாண்டியது."

அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில்
'காற்று வெளியேறும் வழியில் தடை' என்று எழுதினேன்.
அடித்தேன்.
'உலர்த்தும் அறை ஹீட்டர், நவம்பரிலிருந்து' என்று எழுதினேன்.

ஹில்ப்பா இரண்டு முறை படித்தாள்.
"உன்னை டிரைவைப் பார்க்கக் கூப்பிட்டோம்."
பார்த்துவிட்டேன் என்றேன்.
கையெழுத்துப் போடாமல்
பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

மணி மூன்று பத்து. பதினொன்று.
திரையில் ஐம்பத்து நாலு டிகிரி.
சல்லடைக்கு ஒரு முழம் மேலே
நான் கட்டிய கம்பியிலிருந்து
நாலு கையுறைகளும்
என் கருவிப்பெட்டிக்குள்
சொட்டிக்கொண்டிருந்தன.