செலவுச் சீட்டு எண் 41

பணம் வெளிநாட்டிலிருந்து கிளம்பியது.
சென்னையில் ஒரு மாதம் தங்கி
மதுரையில் ஒரு வாரம் தங்கி
ராமநாதபுரம் கிளைக்கு வந்து சேர்ந்தபோது
அதற்கு ஒரு பெயர் இருந்தது:
பெண்களுக்கான மனித உரிமைக் கல்வி, இரண்டாம் கட்டம்.

நான் கணக்கெழுதுகிறவள்.
சின்ன ஏர்வாடியில் முதல் வகுப்பு.
நாற்பது நாற்காலி, நாற்பது வடை, நாற்பது பேனா.
வந்தது நாலு பேர்,
அதில் ஒருத்தி காய்ச்சல்காரி.
மற்றவர்கள் முல்லித் தீவுப் பக்கம்
கழுத்தளவு கடலில் பாசி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அமாவாசை கழிஞ்சு ஆறு நாள்,
பௌர்ணமி கழிஞ்சு ஆறு நாள்.
அதுதான் எங்களுக்குத் தொழில்.
மத்த நாள்ல வைங்க உங்க உரிமைய"
என்றாள் நம்புசெல்வி,
விரலில் சுற்றிய ஈரத்துணியை அவிழ்த்தபடி.

நிதி தருகிறவர்களுக்கு எழுதினேன்:
காலாண்டைப் பிறை பார்த்து மாற்றலாமா?
பதில் வர இன்னொரு பௌர்ணமி ஆனது.
சுவாரசியமான யோசனை,
படிவத்தில் அதற்கு இடமில்லை.
நாங்கள் மாற்றினோம்.
(படிவத்தில் பழைய தேதிதான் இருக்கிறது.
இதை இங்கே மட்டும் சொல்கிறேன்.)

நீர்க்கண்ணாடி கேட்டார்கள்,
ஓரத்தில் தண்ணீர் ஏறாத நல்ல கண்ணாடி.
உபகரணம் தகுதியற்ற செலவு,
ஒப்பந்தம், ஒன்பதாம் பக்கம்.
ஃபிளெக்ஸ் பேனர் தகுதியுள்ள செலவு.
பேனரில் ஒரு பெண் கையை உயர்த்தியிருந்தாள்,
விரலில் ஒரு வெட்டுக்காயம்கூட இல்லை.
"இவ எந்தக் கடக்கரை?" என்று கேட்டாள் ஜெபமாலை.

ஏழாவது வகுப்பு.
உங்கள் பொருளை எடுத்துக்கொண்டால்
எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.
வக்கீலுக்குப் பயணப்படி நானூற்று ஐம்பது.

பதினோரு நாள் கழித்து ரோந்துப் படகு வந்தது.
இரண்டு சாக்குப் பாசி, ஒரு வலைப்பை,
காலில் கட்டுகிற தகரத் தட்டு.
வழக்கம்போல எடுத்துக்கொண்டார்கள்.
யாரும் கும்பிடவில்லை.
இடுப்பளவு நீரில் நின்ற நம்புசெல்வி
படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.
"எடுத்துட்டுப் போங்க சார்.
எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

எவ்வளவு நேரம் பிடித்திருந்தாள் என்பதை
ஆளாளுக்கு ஒருவிதமாகச் சொல்கிறார்கள்.
கடைசியில் ஒரு டீசல் பில்லின் முதுகில்
பச்சை மையில் இரண்டு வரி,
கையெழுத்து, தேதி.
வெற்றிலைப் பையில் மடித்து
கரைக்குக் கொண்டுவந்தாள்.

உப்புப் பூத்த அந்தத் தாளை
செலவுச் சீட்டு எண் 41 என்று கோப்பில் சேர்த்தேன்.
தணிக்கையாளர் கழற்றி என்னிடமே நீட்டினார்.
"இது செலவே இல்லையேம்மா.
யாரும் யாருக்கும் பணம் கொடுக்கலையே."
சரிதான்.
விளைவு, எண்ணிக்கையில் என்ற கட்டத்தில்
முப்பத்திரண்டு என்று எழுதி அனுப்பினேன்.

நிறைவு விழா. சான்றிதழ்.
நம்புசெல்வி வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கம் வெறுமை.
"எங்க பேரச் சொல்லி எவ்வளவு வந்துச்சு?"
மைக் என் கையில் இருந்தது.
"குறை சொல்லலம்மா.
வந்துச்சுல்ல, அத எழுதிக் குடுங்க."

இன்று நாளைக்கு அமாவாசை.
கணக்குப் புத்தகத்தை மணலில் விரித்திருக்கிறேன்.
கச்சான் காற்று எனக்கு முன்னால் புரட்டுகிறது,
ஜெபமாலை தகரத் தட்டு ஒன்றை ஓரத்தில் வைக்கிறாள்.
மதுரை விடுதி, குளிர்சாதன அறை, இரண்டு இரவு
என்ற வரிக்கு வந்திருக்கிறோம்.
தங்கியது நான்தான்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.

"மேல படிங்க" என்கிறாள் நம்புசெல்வி.