அரை லிட்டர்

செவ்வாய், வியாழன், சனி.
ஜெலுத்தோங் டயாலிசிஸ் நிலையத்தில்
ஏழாம் எண் நாற்காலி.
முதலில் எடை பார்க்க வேண்டும்.
"பாஞாக் ஆயர், அங்கிள்" என்பாள் நொராய்னி.
அவ்வளவு தண்ணீரும் என் கையால்தான் போயிற்று என்பதுபோல்
என்னைப் பார்ப்பாள்.

ஒரு நாளைக்கு அரை லிட்டர்.
ரசமும் அந்தக் கணக்கில்தான்,
மாத்திரை விழுங்கும் மிடறும் அந்தக் கணக்கில்தான்.
சமையல் மேடையில் ஒரு மினரல் புட்டி,
அதில் பழைய நகப்பூச்சால் நான் இழுத்த நான்கு கோடுகள்.
பதினெட்டாம் மாடி சன்னலைத் திறந்தால்
கண் போகும் மட்டும் கடல்.
முப்பத்தொரு வருஷம்
பெர்ரியின் இயந்திர அறையில் வெந்தவர்
ஓர் ஐஸ் கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.
இருபது நிமிஷம் தாங்கும்.

ஒரு நாள் வெளியே போய்
ஐஸ் கச்சாங் தின்றுவிட்டு வந்தார்.
உதட்டில் சிவப்பு.
சின்னவீடு வைத்துக்கொண்டவரிடம் கத்துவதுபோல் கத்தினேன்.
"நீ ஒரு நாள் இருந்து பாரு" என்றார்,
அதற்குமேல் பேசவில்லை.

இருந்து பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை.
பிற்பகல் மூன்று மணிவரை முடிந்தது.
பிறகு குளியலறையைத் தாழிட்டு
குழாயில் வாய் வைத்துக் குடித்தேன்,
கழுத்தெல்லாம் நனைய,
மாடு குடிப்பதுபோல் சத்தத்தோடு.
வெளியே வந்தபோது
டிவியின் ஒலியைக் கூட்டி வைத்திருந்தார்.

எங்களுக்கு மட்டும் ஏன் என்று
முதல் வருஷம் முழுக்கக் கேட்டோம்.
எல்லாச் சாமியிடமும்,
ஆயிர் ஈத்தாமில் ஒரு சீன வைத்தியரிடமும்.
பதில் வரவில்லை.
அலுப்பு வந்தது.
அலுப்புக்குப் பின்னால் பசி வந்தது,
எழுந்து உலை வைத்தேன்.

இரவில் இடக்கையை நீட்டுவார்.
ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்த இடத்தில்
தோலுக்கடியில் ஒரு வண்டு
ஓயாமல் ரீங்கரிக்கும்.
அது நின்றால் அந்த நிமிஷமே வாருங்கள்
என்றிருக்கிறார் டாக்டர்.
விரல் வைத்துப் பார்த்து
"இருக்கு" என்பேன்.
கல்யாணமான புதிதில்கூட
இத்தனை ஒழுங்காய் நான் அவரைத் தொட்டதில்லை.

அந்த வருஷம் தைப்பூசம் திங்கட்கிழமை.
தண்ணீர்ப் பந்தலுக்கு ஆள் பத்தவில்லை என்று
போன் வந்தது.
வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
சட்டை மாற்றிவிட்டார்.
தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில்
வெறுங்காலில் வெந்து வந்தவர்களுக்கெல்லாம்
மோர், ரோஸ் சர்பத்.
ஊற்றிக் கொடுத்துவிட்டு
ஒவ்வொரு தொண்டையையும்
கடைசி மிடறு இறங்கும்வரை பார்த்தார்.
ஒரு பையன் இன்னொரு கோப்பை கேட்டான்.
"நல்லா குடி" என்றார்,
மூன்றாவதையும் நிரப்பிக்கொண்டே.
பக்கத்தில் நான் ஐஸ் உடைத்தேன்,
அவர் முகத்தைப் பார்க்காமல்.
கோடு போட்ட புட்டி என் கைப்பையில்.

வீடு வந்து சேர மணி ஒன்று.
கடைசிக் கோட்டுக்குக் கீழே
தண்ணீர் அப்படியே கிடந்தது.
மறந்துவிட்டாராம்.

கையை நீட்டினார்.
விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன,
அவரில் அவை மட்டும்
வேண்டியமட்டும் குடித்ததுபோல்.

"இருக்கு" என்றேன்.

விடிந்தால் செவ்வாய்.