நீர்க்கோடு

ஞாயிறு பூசை முடிந்ததும் மற்றவர்கள்
பேக்கரிக்குப் போவார்கள்.
நாங்கள் முகத்துவாரத்துக் கற்களுக்குப் போவோம்,
அம்மாவும் நானும்,
ஒரு போத்தல் தண்ணீர், ஒரு சீஆர் கொப்பி.

அம்மாவுக்கு நீந்தத் தெரியாது.
கப்பலில் ஏறியதே இல்லை.
புறக்கோட்டையில் பொத்தான் விற்கிற கடையில்
ஆறு நாளும் நின்றபடி கணக்கெழுதுவாள்,
ஏழாம் நாள் கப்பல் எண்ணுவாள்.

“அடியில சிவப்புத் தெரியுதா பார்.
தெரிஞ்சா வெறும் வயிறு.
தெரியாட்டி சாப்பிட்டிட்டு வருது.”
நான் எழுதுவேன்: பெயர், கொடி, நேரம்,
கடைசிக் கட்டத்தில்
‘சா’ அல்லது ‘வெ.’

எனக்குப் பதினொன்று நடந்தபோது
சோதனைச்சாவடியில் ஒருவன் கொப்பியை விரித்தான்.
திகதி. நேரம். துறைமுகம். எல்லாம் தமிழில்.
இந்த ‘வெ’ யாருக்கு அடையாளம்?
அம்மா தன் கடைச் சிங்களத்தில்
சிவப்பையும் வயிற்றையும்
பின்னேரம் ஐந்து மணிவரை விளக்கினாள்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார்கள்.
கொப்பியைத் தரவில்லை.

இனிப் போகமாட்டோம் என்றுதான் நினைத்தேன்.
அடுத்த ஞாயிறு அம்மா
செருப்பு வாரை இறுக்கிக்கொண்டே சொன்னாள்:
“எழுதாத. பாடமாக்கு.”

பாடமாக்கினேன்.
எந்தக் கொம்பனிக்கு எந்த நிறப் புகைபோக்கி,
சோளகம் அடித்தால் எத்தனை இழுவைப்படகு,
அலைதடுப்பைத் தாண்டும்போது
எவ்விடத்தில் மூக்கைத் திருப்புவான்.
பத்தாம் வகுப்பில் கணக்குக்கு முப்பத்தெட்டு.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடேற் நேர்முகத்தில் மூன்று பேர்.
வீட்டில் யாராவது மாலுமியா என்று கேட்டார்கள்.
இல்லை என்றேன்.
பொத்தான் கடையைப் பற்றி வாய் திறக்கவில்லை.
இருபது வருடமாகிறது,
அந்த ‘இல்லை’ இன்னும் தொண்டைக்குள் நிற்கிறது.

இப்போது கயிற்றேணியில் ஏறுகிறேன்,
துறைமுகத்துப் பயிலுநர் பைலட்.
பக்கத்தில் ஒரு மூத்தவர் நிற்கத்தான் வேண்டும்.
முதல் நாள் மேல்தளத்திலிருந்து
எங்கள் கல்லைத் தேடினேன்.
கரை முழுக்கக் கறுப்பு.
எது அது என்று தெரியவில்லை;
அதற்குள் திருப்பம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால்
களைப்பா என்று அம்மா கேட்பதில்லை.
“எத்தினை மீற்றர் தாண்டு வந்தது?”
பன்னிரண்டரை.
“நல்லாச் சாப்பிட்டிருக்கு” என்று
சோற்றுச் சட்டியை என் பக்கம் தள்ளுவாள்.

அகப்பையைப் பிடிக்கமுன்
குனிந்து பார்க்கிறேன்
சட்டியின் அடி தெரிகிறதா என்று.