புள்ளி

காரைக்குடியில் எங்கள் வீடு
ஒரு தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடியும்.
மேப்பில் புள்ளி விழுவது
பூட்டிக் கிடக்கும் பின்கதவில்.

மதியம் இரண்டு மணி வெயிலில்
சேவுகன் பரோட்டாவோடு சுற்றி வந்தான்.
பதினோரு நிமிடம் தாமதம்.
சால்னா ஆறிப்போச்சு என்று
இரண்டு நட்சத்திரம் வைத்தேன்,
கை கழுவிய ஈரத்தோடு.

மறுவாரம் வேறொரு பையன்.
"அண்ணன் ஐடியைத் தூக்கிட்டாங்க."
நோட்டீஸ்?
"அதெல்லாம் வேலையாளுக்குத்தானே சார்,
நாங்க பார்ட்னராம்."

பார்ட்னர்.
இங்கே பங்காளி என்றால்
வளவில் ஓர் அறை உண்டு,
அதற்குச் சாவி உண்டு,
கல்யாணமானால் கோயில் கணக்கில்
ஒரு புள்ளி உண்டு.

சேவுகனுக்குக் கல்யாணமாகி
இரண்டு பிள்ளைகளாம்.

வைத்த நட்சத்திரத்தைத் திரும்ப எடுக்க
ஆப்பில் வழியில்லை; தேடிப் பார்த்தேன்.
புள்ளியை மட்டும்
முன்வாசலுக்கு நகர்த்தினேன்.