சோம்பல் காற்று

எர்வின் கோஸுபெக் முதலில் சொன்னபோது
யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.
எழுநூறு மீட்டர் ஆழம், பதினான்காம் முகப்பு, அதன் வால்பக்கம்.
மண்ணெண்ணெய் வாடை, என்றான்.
இரும்புத் தாங்கிகளில் வியர்வை, என்றான்.
கூண்டில் மேலேறும்போது ஷிமிச்செக் சிரித்தான்:
புறா வளர்ப்பவன் மூக்கில் புறாக்கூடுதான் இருக்கும்.

புறா வளர்ப்பவனுக்குத் தெரியும்,
ஈரச் சோளத்தை மூட்டையில் கட்டி மறந்துவிட்டுப்
பத்து நாள் கழித்துக் கைவிட்டால்
நடுவில் சுடும்.
யாரும் பற்றவைத்ததில்லை.
குவியல் தனக்குள் எதையோ
அசைபோட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நான் மேலே, ஆய்வுக்கூடத்தில்.
எனக்கு வாடை வராது, எண் வரும்.
ரப்பர் பையில் அடைத்து அனுப்பிய காற்றை
எந்திரத்தின் வாயில் ஊட்டினேன்.
கார்பன் மோனாக்சைடு, பத்து லட்சத்தில் ஒன்பது.
மறுநாள் பதினான்கு.
ஞாயிறு, ரிப்னிக்கில் பூசை மணி அடிக்கையில், முப்பத்தொன்று.
ஒன்பதைக் கண்டு எவரும் பயப்படுவதில்லை.
நான் பயந்தது
ஒன்பதிலிருந்து பதினான்குக்கு அது போன நடைக்கு.

நிலக்கரி மூச்சு விடும்.
வெட்டி எடுத்தது போகக்
கூரை சரிந்த இருட்டில் நாம் விட்டுவந்த நொறுங்கல்
பொடிப்பொடியாய், ஆயிரம் வாயாய்.
பெருங்காற்று அடித்தால் ஆறிப்போகும்.
காற்றே இல்லையென்றால் அடங்கிப்போகும்.
இரண்டுக்கும் நடுவே
ஏதோ ஒரு விரிசலில் ஊர்ந்து வந்து,
பிறந்த சூட்டை எடுத்துப்போக மறந்து
அங்கேயே படுத்துக்கிடக்கும்
சோம்பல் காற்று இருக்கிறதே,
அதுதான் கொள்ளி.

திங்கள்கிழமை கூட்டத்தில் நவ்ரத் கேட்டார்:
உள்ளே வெட்டு எந்திரம் நிற்கிறது,
கழற்றி இழுக்க ஒன்பது நாள். தருமா?
தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
கடைசி வரியில் எத்திலீன், துளியளவு.
அந்தப் பெயர் வந்துவிட்டால்
எங்கள் ஊரில் பேச்சு முடிந்தது.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
வெகுநேரம்,
சுத்தமாயிருந்த கண்ணாடியை.

அன்றிரவு
காற்று போகும் வாயிலும் வரும் வாயிலும்
இரண்டு சுவர்கள், ஒரே மணியில் மூடவேண்டும்.
ஒன்றை முந்தி அடைத்தால்
மீத்தேன் திரும்பி நெருப்பைத் தேடிப் போகும்.
தொலைபேசியில் எண்ணினார்கள், மூன்று, இரண்டு.
ஷிமிச்செக் ஜிப்சம் மூட்டை சுமந்தான்.
சிரிக்கவில்லை.
எர்வினின் மேல்சட்டை எந்திரத்தின் கொக்கியில்
உள்ளேயே தொங்கிப்போயிற்று,
பையில் பாதி சாக்லேட்டுடன்.

பிறகு சாம்பல்.
அனல்மின் நிலையத்திலிருந்து குழாய்வழி
கூழாக வந்து இறங்கியது.
நீறு பூத்த நெருப்பு என்பார்கள்;
இங்கே நீறு அடிமேல் அடியாய் இறங்கி
நெருப்பைத் தேடியது.
எரிந்து முடிந்த நிலக்கரி
எரியத் துடிக்கும் நிலக்கரியின் வாயைப் பொத்தியது.
சாம்பல் எட்டாத மூலைக்கு நைட்ரஜன்.

ஒவ்வொரு செவ்வாயும்
சுவரில் செருகிய சிறு குழாயிலிருந்து ஒரு பை வரும்.
நானூற்றுப் பன்னிரண்டு. இருநூறு. எழுபது.
ஒரு வாரம் தொண்ணூறு.
(காற்றழுத்தம் இறங்கிய வாரம்;
சுவரும் கொஞ்சம் மூச்சு விடும்.)
புனித பார்பரா நாளுக்கு முந்தைய பையில் ஆறு.
திறக்கலாமா, என்றார் நவ்ரத்.
எண் செத்தால் நெருப்பும் செத்தது என்றில்லை,
மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கலாம்.
வேண்டாம், என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அந்த வாரம் நானும் இறங்கினேன்.
குழாயில் பையை மாட்டிக்கொண்டிருக்கையில்
எர்வின் கையுறையைக் கழற்றி
உள்ளங்கையைச் சுவரில் வைத்தான்.
எப்படி இருக்கிறது?
குளிர்ச்சி, என்றான்.
கையை எடுக்கவில்லை.

என் படிவத்தில்
அதை எழுதக் கட்டமில்லை.