விளிம்பில் ஒரு பள்ளம்

முதலில் என் உரிமத்தைக் காட்டினேன்.
எண்ணைத் தொலைபேசியில் சரிபார்த்துவிட்டு
ஆல்வின் டக்கர்ட் தலையசைத்தார்.
பிறகுதான் அலமாரிப் பூட்டைத் திறந்தார்.

ஓமகாவ் பக்கம், ஆகஸ்டுக் காலை.
ஆட்டுத் தொட்டியில் விரல் கனத்துக்கு உறைபனி.
சமையலறை மேசையில் பழைய துண்டை விரித்து
அதன்மேல் வைத்தார்:
செக் நாட்டு போல்ட் ரைஃபிள், பாயிண்ட் டூ டூ.
"நானூற்றைம்பது டாலர். பேரம் கிடையாது."

என் தோட்டத்தில் நாற்பத்தொரு ஆப்ரிகாட் கன்றுகள்
இடுப்பில் பட்டையில்லாமல் நிற்கின்றன.
முயல்களோடு என் பேரம் முடிந்துவிட்டது.
இவரோடு இன்னும் தொடங்கவில்லை.

போல்ட்டை இழுத்தேன். காலி.
மறுபடி பார்த்தேன். காலி.
கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தைக் குழலுக்குள் விட்டேன்.
நத்தைக் கூட்டின் பாதைபோல்
சுருள்வரிகள் சுழன்று சுழன்று போயின.
ஈயம் கொஞ்சம். துரு இல்லை.
காது குடையும் பஞ்சுக் குச்சியைக்
குழல்வாயின் ஓரத்தில் சுற்றி இழுத்தேன்;
ஒரு நார்கூடச் சிக்கவில்லை.
திருகாணித் தலைகள் கடிபடாமல் இருந்தன.
கட்டையில் நான்கு பல் தடம்.
"குட்டியாய் இருக்கும்போது கடித்தது" என்றார்.
மேசைக்கடியில் கிடந்த கிழட்டு நாய்
வாலை ஒருமுறை தரையில் தட்டியது.

நல்ல துப்பாக்கி.
எனக்குச் சந்தேகம் வருவது இப்படித்தான்.

சின்ன டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
தோட்டா அமரும் அறையின் வாயைப் பார்த்தேன்.
அங்கே இருந்தது.
கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில்
எள் அளவு பள்ளம்,
உருக்கு உள்நோக்கிப் பிதுங்கி.

இந்தச் சாதித் தோட்டாவுக்கு மருந்து விளிம்பில்.
ஊசியும் விளிம்பைத்தான் தேடும்.
தோட்டா போடாமல் விசையை இழுத்தால்
கொத்துவதற்கு உருக்கு மட்டுமே மிச்சம்.
ஒருதரம் இருதரம் தாங்கும்.
இது ஆயிரம்தரம்.

"யாரோ வெறுங்குழலில் சுட்டுச் சுட்டு..." என்றேன்.
டார்ச் வாயில் இருந்ததால் பாதிதான் சொல்லாய் வந்தது.
"கூடு சிக்கும். நானூற்றைம்பது பெறாது."

மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
"நான் இல்லை" என்றார் முதலில்,
ஜாடியை உடைத்த பையன்போல.
பிறகு ஜன்னலோரச் சக்கர நாற்காலியைப் பார்த்தார்.

நோரீன் கடைசி இரண்டு குளிர்காலமும் அங்கேதானாம்.
அவளுக்கும் உரிமம் இருந்தது.
அந்தியில் தைம் புதர் மேட்டிலிருந்து முயல்கள் இறங்கும்போது
ஜன்னலைத் திறக்கச் சொல்லி
துப்பாக்கியை மடியில் வாங்கிக்கொள்வாளாம்.
தோட்டாப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு
இவர் கொட்டகைக்குப் போவார்.
திரும்பி வந்ததும், "எத்தனை?"
"ஏழு" என்பாள். சில நாள் "ஒன்பது".
"எடுத்து வரட்டுமா?"
"பருந்துக்கு விடு."

"சத்தம் கேட்டிருக்குமே?" என்றேன்.
காதுக் கருவியைத் தொட்டுக் காட்டினார்.
முப்பது வருடம் கம்பளி கத்தரித்த யந்திரம்.

இழுப்பறையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துத்
துண்டின்மேல் கவிழ்த்தார்.
பத்துப் பத்தாய் நிறுத்தினார்.
ஐந்து வரிசை.
மீதமும் இல்லை, குறைவும் இல்லை.

எனக்கு வியாபாரம் தவிர வேறு பேச வரவில்லை.
அலெக்சாந்திராவில் ஒருவர் இருக்கிறார் என்றேன்,
சின்ன இரும்பை உள்ளே விட்டு அழுத்தினால்
பிதுங்கியது பழைய இடத்துக்குப் போய்விடும்,
அரைமணி வேலை, அறுபது டாலர்.

"அறுபதைக் கழித்துக்கொள்."

முந்நூற்றுத் தொண்ணூறை மேசையில் வைத்தேன்.
அதை அவர் எண்ணவில்லை.
தோட்டாக்களைத்தான் மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார்,
வாய்க்குள் ஏதோ சிரிப்பதுபோல.

திரும்பும் வழியில் பாலத்தருகே மூன்று முயல்கள்.
நாற்பத்தொரு கன்று, என்றேன் சத்தமாக,
வண்டிக்குள் வேறு யாரும் இல்லை.