தப்பாச் சொன்னா திருத்துங்க

மண்டபம் ஆஸ்பத்திரியில்
ஊசி போடும் அறையைத் தாண்டி மூன்றாவது கதவு.
மேலே எழுதியிருப்பது கிடங்கு.
உள்ளே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேஜை விசிறி,
சொட்டு மருந்து வந்த காலிப் பெட்டிகள்,
அப்புறம் பரக்கத் நிஷா.
கீழக்கரையிலிருந்து பஸ்ஸில் வருவார்,
ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன்.

மாத்திரை எழுதித் தருவாரென்று நினைத்துப் போனேன்.
முகத்தைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுவாரென்றும்
கொஞ்சம் நினைத்தேன்.
அவர் கேட்டதோ,
"இன்னைக்கு நாம எதைப் பத்திப் பேசலாம்?"

கோபம் வந்தது எனக்கு.
அது தெரிந்தால் பாசிக்குப் போகிற நாளை விட்டுவிட்டு
இங்கே எதற்கு வந்து உட்காரப்போகிறேன்?
அப்படியே சொல்லியும்விட்டேன்.
"சரி, அந்தக் கோபத்துலேர்ந்தே ஆரம்பிக்கலாம்" என்றார்.

பேசுவது இந்த அறையைத் தாண்டாதாம்.
என் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்தென்றால்தான்
வாய் திறப்பாராம்,
அதையும் என்னிடம் சொல்லிவிட்டுத்தானாம்.
எங்கள் சின்னப்பாலத்தில்
ஒரு வீட்டில் தாளித்தால் ஏழு வீட்டுக்குச் சேதி.
நம்புவேனா?
சோதித்துப் பார்க்க ஒரு பொய் சொல்லிவைத்தேன்,
என் மாமியாரைப் பற்றி.
ஒரு மாதம் காத்திருந்தேன்.
ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒரு தாள் வைத்திருந்தார். இந்த வாரம் பாரம் எவ்வளவு,
பூச்சியத்திலிருந்து பத்துக்குள் சொல்லணும்.
எனக்கு எண்ணில் வரவில்லை.
கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து,
அப்படிக் கேட்டால் சொல்வேன் என்றேன்.
பத்தையும் அடித்துவிட்டு
நான் சொன்னதை வரிசையாக எழுதிக்கொண்டார்.
அன்றைக்குக் கழுத்து.

நாலாவது முறையோ ஐந்தாவதோ,
"தண்ணியைக் கண்டு பயம்" என்று எழுதி
தாளை என் பக்கம் திருப்பினார்.
"தப்பாச் சொன்னா திருத்துங்க, ஜெனோபா."
எட்டாம் வகுப்போடு விட்ட பேனாவை வாங்கினேன்.
தண்ணி என்பதை அடித்தேன்.
அப்புறம் எழுத எதுவும் வரவில்லை.
விசிறி இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போனது.
என் வாய்க்குள் அவர் ஒரு சொல்லையும் திணிக்கவில்லை.

முங்கிவிட்டால் மேலே யார் கூப்பிட்டாலும் கேட்காது.
அதுதான் என்றேன்.
அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், குருசடைக்குத் தெற்கே
தரையெல்லாம் மரிக்கொழுந்துப் பாசி.
விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி
மூச்சு மூச்சாகப் பறித்துக்கொண்டிருந்தேன்.
வள்ளத்தில், பாலித்தீன் பையில் சுற்றிய போனில்
தம்பி பிரிட்டோ
பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறான்.
பன்னிரண்டாவது தடவை கூப்பிடவில்லை.

அதற்கு மேல் நான் சொல்லவில்லை. அவரும் தோண்டவில்லை.
இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, என்ன செய்யலாம் என்றார்.
சும்மா இருக்கலாம் என்றேன்.
இருந்தோம்.

அடுத்த முறை நான் போகவில்லை.
ஒரே ஒரு தடவை போன் வந்தது, எடுக்கவில்லை.
கச்சான் காற்று கூரையைப் பிடித்து உலுக்கிய அந்த ராத்திரி
மணியைப் பார்க்காமல் நானே திரும்பக் கூப்பிட்டேன்.
தூக்கக் குரலில் அவர் சொன்னது,
"வியாழக்கிழமை நாற்காலி அங்கேயேதான் இருக்கும்."

இன்னும் எத்தனை வாரம் என்று
இரண்டு பேரும் காலண்டரை வைத்துக்கொண்டு பேசினோம்.
அவர் ஆறு என்றார், நான் எட்டு.
ஏழில் நிற்கிறது.

பக்கத்து வள்ளத்து அமலோற்பவம் நேற்று காதோரம் கேட்டாள்,
அங்கே என்னதாண்டி செய்வாங்க?
எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.
சுவரோரம் இருக்கிற நாற்காலி ஆடும்,
பார்த்து உட்காரு என்றேன்.

இந்த வாரம் இடுப்பு.
கடலிலும் இடுப்பளவுதான் போனேன்.
போனை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு
நின்ற இடத்திலேயே
காலால் துழாவிக்கொண்டிருந்தேன்.